வளைவில் தள்ளுவது யார்?

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பஸ் சர்ரென்று வலப்பக்கம் திரும்புகிறது. உள்ளே இருக்கும் கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் சாய்கிறது. கம்பியைப் பிடிக்காத ஆசாமி பக்கத்தில் நிற்பவர் மேல் போய் விழுகிறார், ஒரு முறைப்பையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். "உங்களைத் தள்ளியது யார்?" என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்தவராக இருந்தால் பதில் தயாராக வரும். மையவிலக்கு விசை!

தப்பு. யாரும் தள்ளவில்லை. அவர் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் காலுக்குக் கீழே பஸ்தான் திரும்பிவிட்டது. இன்னும் கறாராகச் சொன்னால் அவரைத் தள்ளியவர் ஒருவர் உண்டு. முறைத்தாரே, அந்தப் பக்கத்து ஆள்தான். அவர் தோள்தான் இவரை வளைவின் உள்பக்கமாகத் தள்ளி, பஸ்ஸோடு சேர்ந்து திரும்ப வைத்தது. நிஜமான விசை உள்நோக்கி இருக்கிறது. சனங்கள் பழி போடுவதோ வெளிநோக்கி இருக்கும் ஒரு விசையின் மேல், அதுவும் ரோட்டில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இல்லவே இல்லாத ஒரு விசையின் மேல்.

இதெல்லாம் இயற்பியல் வாத்தியார்கள் பொழுது போகாமல் போடும் சண்டை, எப்படிச் சொன்னால் என்ன என்று தோன்றலாம். வட்டப்பாதை இயக்கம் என்பது ஐந்து மார்க் கேள்வி மட்டும் என்றால் அது சரிதான். ஆனால் ரோட்டிலும் தண்டவாளத்திலும் இந்த வித்தியாசத்துக்கு உயிர் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வரும் முன், கொஞ்சம் அடிப்படை.

ஒரு பொருளைச் சும்மா விட்டால் அது வட்டமாகச் சுற்றாது. நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நியூட்டன் 1687-ல் தன் புத்தகத்தில் முதல் விதியாகவே இதைத்தான் வைத்தார். அதற்கு முன் இரண்டாயிரம் வருஷமாக அரிஸ்டாட்டில் வழிவந்தவர்கள் நம்பியது வேறு. வானத்தில் உள்ளவற்றுக்கு வட்டம்தான் இயல்பான இயக்கம், அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. இப்போது அரிஸ்டாட்டிலைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். 1980-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்கிளாஸ்கி என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். சுருள் மாதிரி வளைந்த ஒரு குழாயின் படத்தைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டி, இதற்குள் உருட்டிவிட்ட குண்டு வெளியே வந்ததும் எப்படிப் போகும் என்று வரையச் சொன்னார்கள். குழாய் முடிந்த பிறகும் குண்டு வளைந்தே போகும் என்று கணிசமானவர்கள் வரைந்து கொடுத்தார்கள். இயற்பியல் படித்தவர்களும் அதில் உண்டு. அரிஸ்டாட்டில் அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டார் போலிருக்கிறது. :-)

குண்டு நேராகத்தான் போகும். குழாயின் சுவர் தொடர்ந்து உள்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்த வரைக்கும் வளைந்தது, சுவர் முடிந்ததும் வளைவும் முடிந்தது. கவணைச் சுற்றிக் கல் எறிகிறவர்களுக்கு இது கையிலேயே தெரியும். கயிற்றை விட்ட கணத்தில் கல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், வட்டத்தின் தொடுகோட்டில் பறக்கும். மையத்திலிருந்து நேர் வெளியே அல்ல. 'மையவிலக்கு விசை'தான் கல்லை எறிகிறது என்றால், அது மையத்தை விட்டு நேர் எதிர்ப்பக்கமாகப் பறக்க வேண்டும். அப்படி நினைத்துக் கவணை விட்டால் மாங்காய் விழாது, பக்கத்து வீட்டு ஜன்னல்தான் உடையும்.

ஆக, வட்டம் என்பது ஓசியில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் யாராவது உள்பக்கமாக இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருக்க வேண்டும். இதற்கு மையநோக்கு விசை என்று பெயர். இது தனியாக ஒரு விசை இல்லை, ஒரு வேலையின் பெயர். கவணில் அந்த வேலையைக் கயிறு செய்கிறது. திருவிழாவில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கிணற்றின் பலகைச் சுவர் செய்கிறது. சலவை எந்திரத்தின் டிரையரில் டிரம்மின் சுவர் துணியை உள்ளே தள்ளுகிறது. சுவரில் ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீரைத் தள்ள யாரும் இல்லை, அது தன் வழியே நேராகப் போய்விடுகிறது. "தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது" என்று சொல்வது வழக்கம். இழுப்பவர் யாரும் இல்லை, பிடிப்பவர் இல்லை என்பதுதான் விஷயம்.

நிலாவுக்கு அந்த வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்கிறது. நிலா விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஒரு விநாடியில் நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் விழுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத வீழ்ச்சி, அவ்வளவுதான் நிலா சுற்றும் ரகசியம். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு வெளியே இழுக்கிறது, இரண்டும் சமமாகி நிலா நிற்கிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இரண்டும் சமமாகி ரத்தாகிவிட்டால் நிலா நேராகப் போய்விடுமே ஐயா!

பெயர் வந்த கதையும் சுவாரசியமானது. வெளியே ஓடும் விசைக்குத்தான் முதலில் பெயர் வைத்தார்கள். ஹாலந்துக்காரர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் 1659-ல் வட்ட இயக்கத்தைக் கணக்குப் போட்டபோது, கயிற்றை இழுத்துப் பிடிக்கிற கல்லின் பக்கமிருந்து யோசித்தார். மையத்தை விட்டு ஓடும் விசை என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்தார். பிறகு வந்த நியூட்டன் அதைத் தலைகீழாகத் திருப்பி, மையத்தைத் தேடும் விசை என்று எதிர்ப்பதம் உருவாக்கினார். இரண்டுமே தமிழுக்கு மையவிலக்கு, மையநோக்கு என்று ஜோடியாக வந்து சேர்ந்தன. பாடநூலில் அக்கா தங்கை மாதிரி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த வரியில் "மையவிலக்கு விசை ஒரு போலி விசை" என்றும் எழுதியிருக்கும். ஆனால் மாணவன் மனதில் நிற்பது போலி இல்லை, விசைதான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சுழலும் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து, பஸ்தான் உலகம் என்று கணக்குப் போட்டால், மையவிலக்கு விசையைச் சேர்த்துக்கொள்ளாமல் கணக்கு வராது. பொறியாளர்கள் தினமும் அப்படித்தான் போடுகிறார்கள், விடையும் சரியாக வருகிறது. அதனால் அந்தச் சொல்லையே ஒழித்துக்கட்ட வேண்டியதில்லை. சொல் எங்கே இருந்து பார்க்கிறவருடையது என்பது மறந்துபோவதுதான் கோளாறு. "வளைவில் ஒரு விசை வந்து வண்டியைத் தூக்கி எறிந்தது" என்று சொல்லும்போது, வெளியிலிருந்து ஒரு எதிரி வந்து தாக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. விதி, கெட்ட நேரம் வரிசையில் அதுவும் சேர்ந்துவிடுகிறது. நடந்தது அது இல்லை. அந்த வேகத்தில் வண்டியைத் திருப்ப எவ்வளவு உள்விசை தேவையோ அவ்வளவை அந்த ரோட்டால் கொடுக்க முடியவில்லை. தேவைக்கும் இருப்புக்கும் இடையே பற்றாக்குறை, அவ்வளவுதான். பற்றாக்குறையை முன்கூட்டியே கணக்குப் போட முடியும். எதிரியின் தாக்குதலை அப்படிப் போட முடியாது.

தேவை எவ்வளவு? வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்து, நிறையால் பெருக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதவர் குறைவு. அதில் உள்ள 'வர்க்கம்' என்ற ஒற்றைச் சொல்லை மதித்தவர் அதைவிடக் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் தேவை நான்கு மடங்கு. ஒன்றரை மடங்கானால் இரண்டேகால் மடங்கு. 40-ல் போகிறவர் 50 ஆக்கினால் "பத்துதானே கூட்டினேன்" என்பார், ரோடு பாதிக்கும் மேல் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இருப்பு எவ்வளவு? சமதளமான ரோட்டில் இருப்பு முழுவதும் டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள உராய்வுதான். காய்ந்த ரோட்டில் உராய்வுக் கெழு சுமார் 0.7, நனைந்த ரோட்டில் சுமார் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று. காய்ந்திருந்தால் 66 கி.மீ. வேகம் வரை சறுக்காமல் திரும்பலாம். மழை பெய்தால் 50-தான் எல்லை. நேற்று 60-ல் ஜோராகத் திரும்பிய அதே டிரைவர், அதே வண்டி, அதே வளைவு, இன்று ஒரு தூறலுக்குப் பிறகு நேராகப் பள்ளத்தில். டயர் வழுக்கையாக இருந்தால் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கில் நிறை அடிபட்டுப்போகும் என்பது பலருக்கு ஆச்சரியம். வண்டி கனமானால் தேவையும் கூடும், உராய்வும் அதே அளவு கூடும். "லோடு ஏற்றினால் வண்டி ரோட்டில் பதிந்து நிற்கும், வளைவில் பயமில்லை" என்ற டிரைவர் நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. நேர்மாறாக இன்னொரு ஆபத்து இருக்கிறது. டயர் தாரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும், ஆனால் உயரத்தில் இருக்கும் பாரம் நேராகவே போகப் பார்க்கும். கால் திரும்பிவிட்டது, தலை திரும்பவில்லை! உயரமான வண்டி சறுக்குவதற்கு முன்பே கவிழ்வது இப்படித்தான். பஸ் கூரையில் மூட்டை ஏற்றுவதும், லாரியில் வைக்கோலைக் கோபுரமாக அடுக்குவதும் வளைவில் கவிழும் வேகத்தைக் குறைக்கும் வேலைகள்.

இன்னொன்று. உராய்வு என்பது ஒரே வங்கிக் கணக்கு. பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், திரும்புவதற்கும் அதிலிருந்துதான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பதறிப்போய் முழு பிரேக் போட்டால், திரும்புவதற்குக் கணக்கில் மிச்சம் இருக்காது. அதனால்தான் நல்ல டிரைவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சூத்திரம் தெரிந்து செய்கிறார்களா என்றால் இல்லை. அனுபவம் கற்றுக்கொடுத்தது. பிரச்னை என்னவென்றால், இந்த விஷயத்தில் அனுபவம் சில பேருக்கு ஒரே ஒரு தடவைதான் பாடம் எடுக்கும்.

சரி, இப்போது ஜப்பானுக்குப் போகலாம். பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாற ஒரு காரணம் இருக்கிறது. ரயிலில் டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதில்லை. ஆரத்தைத் தண்டவாளம் முடிவு செய்துவிட்டது. டிரைவர் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான். சூத்திரம் இவ்வளவு சுத்தமாக வெளிப்படும் இடம் வேறு கிடைக்காது.

2005 ஏப்ரல் 25, காலை ஒன்பது மணி கடந்து சில நிமிஷம். ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமாகசாகி என்ற ஊர். மேற்கு ஜப்பான் ரயில்வே நிறுவனத்தின் ஃபுகுச்சியாமா பாதையில் ஏழு பெட்டி ரயில் ஒன்று, சுமார் 700 பேருடன் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவருக்கு வயது 23. டிரைவராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முந்தைய நிலையமான இடாமியில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 70 மீட்டருக்கு மேல் போய், பின்னால் வந்து ஆட்களை ஏற்றியதில் ஒன்றரை நிமிஷத்துக்குள் ஒரு தாமதம். இந்தியாவில் ஒன்றரை நிமிஷ தாமதத்துக்குத் தாமதம் என்றே பெயர் கிடையாது. அங்கே அதற்குத் தண்டனை இருந்தது. தவறு செய்த டிரைவர்களை நாள் கணக்கில் உட்கார வைத்து, அறிக்கை எழுத வைத்து, திட்டித் தீர்க்கும் ஒரு 'மறுபயிற்சி'. அந்த இளைஞர் ஏற்கெனவே ஒரு தடவை அதை அனுபவித்தவர்.

அடுத்து வருவது 304 மீட்டர் ஆரமுள்ள ஒரு வலப்பக்க வளைவு. அனுமதிக்கப்பட்ட வேகம் 70 கி.மீ. ரயில் நுழைந்தது சுமார் 116 கி.மீ. வேகத்தில். கண்டக்டர் கட்டுப்பாட்டு அறையுடன் ரேடியோவில் அந்த நிலையத் தவறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் டிரைவரின் கவனம் போயிருக்கலாம், அதனால் பிரேக் பிந்தியது என்று 2007-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

கணக்கைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். 70-ல் போயிருந்தால், 60 கிலோ ஆள் ஒருவரை வளைவோடு திருப்ப சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் தேவை. வெளித் தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டிருப்பதால் உட்கார்ந்திருப்பவருக்கு அதுகூட முழுசாகத் தெரியாது. 116-ல் அதே ஆளுக்குத் தேவை 21 கிலோவுக்குச் சமம். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகவில்லை, தேவை இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. சக்கரங்களைத் தண்டவாளம் உள்ளே தள்ளியது. மேலே இருந்த பெட்டி நேராகப் போகப் பார்த்தது. முதல் பெட்டி இடப்பக்கம் கவிழ்ந்து தடம் விலகி, பாதையோரமிருந்த ஒன்பது மாடி அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தது. இரண்டாவது பெட்டி அந்தக் கட்டடத்தின் மேல் மோதி வளைந்தது. டிரைவரையும் சேர்த்து 107 பேர் செத்துப்போனார்கள். காயம்பட்டவர்கள் 500-க்கும் மேல்.

அந்த வேகத்தால் என்ன லாபம் என்று பாருங்கள். 200 மீட்டர் தூரத்தை 70-ல் கடக்கச் சுமார் பத்து விநாடி ஆகும். 116-ல் ஆறு விநாடி. மிச்சம் நான்கு விநாடி. வணிகவியலில் இறுதிநிலை லாபம், இறுதிநிலைச் செலவு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் மிச்சமாகும் நேரம் குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு பத்துக்கும் வளைவு கேட்கும் விசையோ கூடிக்கொண்டே போகிறது. எந்த முதலாளியும் இப்படி ஒரு வியாபாரத்தில் பணம் போடமாட்டான். ஆனால் கால அட்டவணையை விநாடி விநாடியாக இறுக்கி, தவறினால் தண்டனை என்று வைத்தால், பெரிய நிறுவனம் ஒன்றே அந்த வியாபாரத்தை டிரைவர் தலையில் கட்டிவிடுகிறது.

இதோடு கதை முடியவில்லை. அந்த வளைவு முதலில் அவ்வளவு இறுக்கமாக இல்லை. அதன் ஆரம் 600 மீட்டராக இருந்தது. 1997-ல் திறக்கவிருந்த டோசாய் பாதையோடு இணைப்பதற்காக 1996-ல் தண்டவாளத்தை இடம் மாற்றிப் போட்டபோதுதான் 304 மீட்டர் ஆனது. ஆரம் பாதியானால் அதே வேகத்துக்குத் தேவை இரட்டிப்பு. அதே 116-ல் பழைய வளைவில் வந்திருந்தால், 60 கிலோ ஆளுக்கு 21 கிலோவுக்குப் பதில் 11 கிலோதான் தேவைப்பட்டிருக்கும். பயணிகள் ஆடிப்போயிருப்பார்கள், வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். வளைவுக்கு முன் உள்ள வேகத்தைப் பார்த்து, அதிகமாக இருந்தால் தானே பிரேக் போடும் கருவி அப்போதே இருந்தது. அந்த இடத்தில் விபத்து நடந்த நாள் வரை பொருத்தப்படவில்லை. ஜூன் மாதம் பாதை மறுபடி திறக்கும் முன் பொருத்திவிட்டார்கள்.

வழக்கு நடந்தது. அந்த நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் 2012-ல் விடுதலை. வேறு மூன்று முன்னாள் தலைவர்களின் விடுதலையை 2017-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தக் குறிப்பிட்ட வளைவில் இப்படி ஒரு விபத்து நடக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது என்பது சாரம். சட்டத்தில் தனி மனிதரைக் குற்றவாளி ஆக்க உயர்ந்த அளவுகோல் வேண்டும்தான், அதில் சண்டை போட இடமில்லை. ஆனால் ஆரம் பாதியானால் என்ன ஆகும் என்பது ஹைகென்ஸ் கணக்குப் போட்ட 1659-லிருந்து தெரிந்த விஷயம். நீதிமன்றத்துக்கு அது போதவில்லை என்றாலும், தண்டவாளத்தை வளைத்துப் போடும் அலுவலகத்துக்குப் போதியிருக்க வேண்டும்.

ஒரு இளைஞன் பதறினான், அதனால் நடந்தது என்று இதை மூடிவிடலாம். ஸ்பெயினில் 2013 ஜூலையில் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா ஊருக்கு வெளியே 80 கி.மீ. வளைவில் 179-ல் வந்த ரயிலை ஓட்டியவர் இளைஞர் இல்லை, அனுபவசாலி. ரயில்வே ஊழியர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தேவை ஐந்து மடங்கு. ஏறக்குறைய 80 உயிர்கள் போயின. அமெரிக்காவில் 2015 மே மாதம் பிலடெல்பியாவில் 80 கி.மீ. வளைவில் 170-ல் வந்த ரயில். தேவை நாலரை மடங்கு, எட்டு உயிர்கள். அங்கே டிரைவரின் கவனத்தை இழுத்தது வேறொரு ரயிலைப் பற்றிய ரேடியோப் பேச்சு. மூன்று நாடு, மூன்று மொழி, ஒரே சூத்திரம். மூன்றிலும் நேர்ப்பாதையில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கும் வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்கும் நடுவே பெரிய இறக்கம். மூன்றிலும் அந்த இறக்கத்தைக் கண்காணிக்க ஒரு மனிதரின் கவனத்தைத் தவிர வேறு எதுவும் அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. மனிதரின் கவனம் நேர்கோட்டில் போகிற சாமான் இல்லை.

இப்போது வகுப்பறைக்குத் திரும்பலாம். பாடநூலில் குறை இல்லை. வளைவான ரோட்டில் கார், சாய்தளம், உராய்வு எல்லாமே மேல்நிலை இயற்பியலில் இருக்கிறது. ஆனால் தேர்வில் கேட்பது "கோவையைத் தருவி". மாணவன் தருவிக்கிறான், சதுரம் போட்டு விடையை மூடுகிறான், மறுநாள் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு மணல் சிதறிய வளைவில் சாய்கிறான். பத்தாவதோடு இயற்பியலுக்கு டாட்டா காட்டிவிட்டு வணிகவியல், வரலாறு, ஐடிஐ என்று போகிறவர்களுக்கு அந்தக் கோவைகூடக் கிடைப்பதில்லை. அவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களில்தான் நாளைய பஸ் டிரைவரும், கால அட்டவணை போடுகிற மேலாளரும் இருக்கிறார்கள். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றுவதோடு பாடத்தை நிறுத்தாமல், "இந்த வளைவில் 40-க்குப் பதில் 60-ல் போனால் ரோடு எத்தனை மடங்கு பிடிக்க வேண்டும்? மழை பெய்தால்?" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்கலாம். வர்க்கமும் பெருக்கலும் தெரிந்தால் போதும், தருவிக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் தேர்விலும் வளைவுப் பலகையின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதோடு விடாமல் இதையும் கேட்கலாம்.

"அப்படிக் கேட்டால் விபத்து குறைந்துவிடுமா?" என்று ஒரு கேள்வி வரும். தெரிந்தே வேகமாகப் போகிறவர்களை எந்தச் சூத்திரமும் நிறுத்தாது, உண்மைதான். ஆனால் எத்தனையோ பேர் துணிச்சலில் போவதில்லை, தப்பான கணக்கில் போகிறார்கள். "கொஞ்சம்தானே கூட்டினேன்" என்பது தப்பான கணக்கு. "போன வாரம் இதே வேகத்தில் வந்தேனே" என்பதும் தப்பான கணக்கு. இரண்டையும் திருத்தலாம்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் இது எத்தனையாவது என்று எண் போட்ட பலகை நிற்கிறது. சுற்றுலா போகிறவர்கள் எண்ணிக்கொண்டே போகிறார்கள், பலகையோடு போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பலகையில் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. '20-க்குப் பதில் 30-ல் திரும்பினால் இரண்டேகால் மடங்கு பிடிமானம் வேண்டும்' என்று எழுதிவைக்கலாம். பெயிண்ட் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.